அடிக்குறிப்பைத் திறந்து பார்ப்பவர் யார்?

கோவாவின் வடபகுதியில் பிச்சோலிம் என்றொரு வட்டம் உண்டு. 1640-41இல் அங்கே போர்த்துக்கீசியருக்கும் மராத்தியப் பேரரசுக்கும் போர் மூண்டதாக 2007 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை ஏறியது. நீண்ட கட்டுரை. பத்திகள் சீராக இருந்தன, அடிக்குறிப்புகள் இருந்தன, நூற்பட்டியலும் இருந்தது. இரண்டே மாதத்தில் அதற்கு ‘நல்ல கட்டுரை’ என்ற தகுதி கிடைத்தது; ஐந்தாண்டுக்கு மேல் அந்தத் தகுதி நீடித்தது. 2012இன் இறுதியில் ஒரு தன்னார்வலர் நூற்பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நூலாகத் தேடத் தொடங்கினார். முக்கியமான நூல்கள் எழுதப்பட்டதற்கோ அச்சானதற்கோ தடயமே கிடைக்கவில்லை. நூல்களும் கற்பனை, போரும் கற்பனை. அந்த டிசம்பரிலேயே கட்டுரை நீக்கப்பட்டது.

1640இல் சிவாஜி சிறுவர். அவர் முடிசூடியது 1674இல். இல்லாத பேரரசு எப்படிப் போருக்கு வந்தது என்று கேட்க, பள்ளிப் பாடநூல் அளவுக்கு வரலாறு தெரிந்தால் போதும். ஐந்தாண்டுகளில் அந்தக் கட்டுரையைப் பலர் தொட்டிருப்பார்கள். எழுத்துப் பிழை திருத்தியிருப்பார்கள், பகுப்பு சேர்த்திருப்பார்கள். அடிக்குறிப்பு எண்களைப் பார்த்ததுமே அடியில் சான்று இருக்கிறது என்று கண்கள் நம்பிவிட்டன. மேற்கோள் இருக்கிறது என்பதும், அந்த மேற்கோள் நாம் எழுதியதைத்தான் சொல்கிறது என்பதும் வெவ்வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துத்தான் கடக்க வேண்டும். கூட்டு முயற்சியில் உருவாகும் கலைக்களஞ்சியத்தின் மதிப்பு முழுவதும் இந்த வேலையில்தான் இருக்கிறது. தமிழில் நாம் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைப் பற்றித்தான்.

விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர் யார் என்று வாசகருக்குத் தெரியாது. பேராசிரியராகவும் இருக்கலாம், பத்தாம் வகுப்பு மாணவராகவும் இருக்கலாம். ஆகவே, எழுதியவரை நம்ப வேண்டாம், அவர் காட்டும் சான்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் அடிப்படை விதி. வாக்கியத்தின் ஓரத்தில் தொங்கும் ‘சான்று தேவை’ என்ற குறிப்பு ஆங்கிலத்தில் 2005இல் புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி யாரோ எழுதிய பொய், நான்கு மாதம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்ததும் அதே ஆண்டில்தான்.

இன்று இந்தப் பராமரிப்பில் ஒரு பகுதியை எந்திரங்கள் செய்கின்றன. இணையத்தில் சுட்டிகள் செத்துக்கொண்டே இருக்கின்றன. 2024இல் பியூ ஆய்வு மையம் ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து 50 ஆயிரம் பக்கங்களை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் 54 விழுக்காட்டுப் பக்கங்களின் மேற்கோள் பகுதியில் குறைந்தது ஒரு சுட்டியாவது செத்திருந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் தானியங்கி, பழைய பக்கங்களின் சேமித்த படிகளைத் தேடி இணைக்கிறது. 2018க்குள்ளாகவே 22 மொழி விக்கிப்பீடியாக்களில் 90 லட்சம் சுட்டிகளை அது மீட்டிருந்தது. ஆசிரியர் பெயர், இதழின் பெயர், தேதி எல்லாவற்றையும் நிரப்பித் தரும் நிரல்களும் உண்டு. ஆனால், மீட்ட பக்கத்தில் எழுதியிருப்பதும் கட்டுரையில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்பதை எந்தத் தானியங்கியும் உறுதி சொல்வதில்லை.

பொய்யான மேற்கோளைவிடச் சுற்றி வரும் மேற்கோள் இன்னும் ஆபத்தானது. 2008இல் ஓர் அமெரிக்க மாணவர், தென் அமெரிக்காவின் கோவாட்டி என்ற விலங்குக்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்றும் பெயருண்டு என விக்கிப்பீடியாவில் விளையாட்டாக எழுதிவைத்தார். பிரிட்டிஷ் நாளேடுகள் அந்தப் பெயரை எடுத்தாண்டன. பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்றின் நூலிலும் அது ஏறியது. பிறகு அந்த நாளேட்டுச் செய்தியே விக்கிப்பீடியாவில் அந்தப் பெயருக்குச் சான்றாக வந்து அமர்ந்தது. மேற்கோளைத் திறந்து பார்ப்பதோடு நிற்காமல், அந்த மேற்கோள் எங்கிருந்து எடுத்தது என்று கேட்கிறவர்தான் இப்படிப்பட்ட வட்டத்தை உடைக்க முடியும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. சம்பளமில்லாமல், பெரும்பாலும் இரவு நேரங்களில், தமிழகத்திலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்துகொண்டு கட்டியவர்களின் உழைப்பு அது. இந்த எண்ணிக்கையைக் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால், எண்ணிக்கை மட்டுமே குறியானால் என்ன ஆகும் என்பதையும் தமிழ் விக்கிப்பீடியா பார்த்திருக்கிறது. 2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியது. தலைப்புத் தேர்வும் வாக்கியங்களும் பயனர்களை வருத்தின. 2010இல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் அந்தக் குறைகளை வெளிப்படையாக எடுத்து வைத்தார். எழுதியவர்கள் போய்விட்டார்கள். துப்புரவு வேலை தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது.

மொழிபெயர்த்த கட்டுரைகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலப் பக்கத்தின் அடிக்குறிப்புகள் அப்படியே தமிழுக்கு வந்துவிடுகின்றன. ‘பார்க்கப்பட்ட நாள்’ என்ற தேதியும் கூடவே வருகிறது. அந்த நாளில் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் எங்கோ ஓர் ஆங்கிலப் பயனர். தமிழில் எழுதியவர் அதைத் திறந்தே இருக்க மாட்டார். தேதி மட்டும், யாரோ பார்த்துச் சொன்னதாக நமக்குச் சாட்சி சொல்கிறது. மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு சுட்டியையும் ஒருமுறை திறக்க வேண்டும், திறக்காதவற்றை விட்டுவிட வேண்டும் என்பதைத் தமிழ் விக்கிப்பீடியா கண்டிப்பான வழக்கமாக்கலாம். கட்டுரை மெலிந்துபோகும்தான். போகட்டும்.

நம் சொந்த மண்ணைப் பற்றிய கட்டுரைகளில் நிலைமை வேறு. ஊர்க் கட்டுரைகளில் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் இன்னும் பல இடங்களில் நிகழ்காலத்தில் நிற்கின்றன. தென்காசியும் கள்ளக்குறிச்சியும் 2019இல் தனி மாவட்டங்களாயின. மயிலாடுதுறை 2020இல் பிரிந்தது. அந்த மாவட்டங்களின் ஒவ்வொரு ஊர்க் கட்டுரையிலும் யாரோ ஒருவர் போய் மாவட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. மாவட்ட அரசுத் தளங்களின் முகவரிகள் மாறியபோது பழைய மேற்கோள்கள் மொத்தமாகச் செத்தன. சாதி, குலம், மன்னர் மரபு பற்றிய பக்கங்களில் சான்றில்லாத பெருமிதம் வந்து குவிவதும், அதை நீக்குகிறவர் வசைக்கு ஆளாவதும் வழக்கமாகிவிட்டது. அங்கே பொறுமையாக நின்று, எந்த நூல், எந்தப் பக்கம் என்று கேட்பவர்கள்மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

கோயில் கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். ‘இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கோயில்’ என்ற வரிக்குப் பல இடங்களில் சுற்றுலாத் தளமோ தலபுராணமோதான் சான்று. தலபுராணம் நம்பிக்கைக்குச் சான்று, காலத்துக்குச் சான்றாகாது. அந்தக் கோயிலில் கல்வெட்டு உண்டா, எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் எந்த எண் என்று ஒருவர் தேடிச் சேர்த்துவிட்டால் அந்த ஒரு வரி ஆய்வாளருக்கும் பயன்படும். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் வெளிவருகின்றன. பல தொகுதிகளை இணையத்திலேயே படிக்கலாம். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை வெளிக்கொணர்ந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும் இணையத்தில் கிடைக்கிறது. ஈழத்துப் பதிப்புகளுக்கு ‘நூலகம்’ என்ற இணையத்தளம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை உரிய வரியோடு கோக்கும் கைகள்தான் போதவில்லை.

உரை திருத்தம் வேறு, மேற்கோள் துப்புரவு வேறு என்று பிரித்துப் பேசுவதை நான் ஏற்கவில்லை. ‘இக்கோயில் 9ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டிருக்கலாம் எனச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர்’ என்றொரு வாக்கியம் இருக்கிறது. நடை சுருக்கமாக இருக்கட்டும் என்று ‘9ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது’ எனத் திருத்துகிறார் ஒருவர். இலக்கணம் சரி, ஓட்டமும் சரி. ஓர் ஊகம் வரலாறாகிவிட்டது. அடியில் உள்ள மேற்கோள் இப்போது தான் சொல்லாத ஒன்றுக்குச் சாட்சியாக நிற்கிறது. மூலத்தைத் திறக்காமல் வாக்கியத்தைத் தொடக் கூடாது. ஒற்றுப் பிழையைச் சரிசெய்யலாம், இரண்டு முழ வாக்கியத்தை வெட்டலாம்; கருத்தின் அழுத்தம் மாறும் இடத்தில் கை நிற்க வேண்டும். நல்ல மெய்ப்புத் திருத்துநர்கள் இதை அச்சகக் காலத்திலேயே அறிந்திருந்தார்கள்.

சான்றில்லாததையெல்லாம் வெட்டி எறிந்தால் அச்சேறாத அறிவு அழிந்துபோகாதா என்ற கேள்வி நியாயமானது. ஒரு கிராமத்துச் சிறுதெய்வத்தைப் பற்றி, ஒரு நாட்டு நெல்லைப் பற்றி அச்சில் ஒரு வரியும் இல்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட இடங்களில் ‘சான்று தேவை’ என்ற குறிப்பை இட்டுவிட்டுக் காத்திருப்பதே சரி. நாட்டாரியல் ஆய்வேடுகளிலும் சிற்றிதழ்களிலும் தேடலாம். அவசரமாக நீக்க வேண்டியது, வாழும் மனிதரின் பெயரைக் கெடுக்கும் சான்றற்ற வரியைத்தான். அதற்குக் காத்திருப்பு கூடாது.

இப்போது புதிய வெள்ளம் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத நூலுக்கு ஆசிரியரும் ஆண்டும் பக்க எண்ணும் கொடுத்து மேற்கோள் தயாரிக்கின்றன. பிச்சோலிம் போருக்கு ஒரு மனிதர் மெனக்கெட்டுச் செய்ததை இன்று எவரும் ஒரு நிமிடத்தில் செய்துவிட முடியும். மனிதர் சரிபார்க்காமல் ஏற்றிய இவ்வகைப் பக்கங்களை விவாதமின்றி விரைந்து நீக்க 2025 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியா தனி விதி வகுத்தது. இல்லாத நூல்களைச் சுட்டும் மேற்கோள், அதற்கான அடையாளங்களில் ஒன்று. அந்தக் கருவிகளோ விக்கிப்பீடியாவைப் படித்துத்தான் பழகுகின்றன. தமிழில் அவற்றுக்குக் கிடைக்கும் சரிபார்த்த உரைநடை குறைவு என்பதால், இங்கே நாம் விட்டுவைக்கும் ஒரு பொய் வரிக்கு எடை அதிகம்.

ஆங்கில விக்கிப்பீடியாவின் உரைத் திருத்துநர் குழு 2010 முதல் ஒன்றுவிட்டு ஒரு மாதம் துப்புரவு இயக்கம் நடத்தி, தேங்கிய கட்டுரைகளைக் குறைக்கிறது. உழைத்தவர்களுக்குப் பதக்கம் இடுகிறது. நம் கட்டுரைப் போட்டிகள் பெரும்பாலும் புதிய கட்டுரைகளையே எண்ணுகின்றன. அடுத்த போட்டியில் சரிபார்த்த மேற்கோள்களுக்கு மதிப்பெண் கொடுக்கட்டும். தமிழ்த்துறைகளும் நூலகவியல் துறைகளும் மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்து, அதன் ஒவ்வோர் அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லலாம். ஆய்வு முறையியலுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இதற்குக் கணக்குத் தொடங்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் ஊரின் கட்டுரையைத் திறந்து, அடியில் உள்ள மேற்கோள்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். செத்த சுட்டிக்கு மாற்று கிடைத்தால் சேருங்கள்; மூலம் வேறு எதையோ சொன்னால் வாக்கியத்தைத் திருத்துங்கள், அல்லது கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் நூல் பெயரும் பக்க எண்ணும் போட்டு எழுதிவையுங்கள். மற்றதை அடுத்து வருபவர் பார்த்துக்கொள்வார்.