அட்டைப் பெட்டியில் முட்டை!

"ஓடில்லா முட்டையும் ஒரு முட்டையா?" என்று நகைத்தவன்தான் நானும்! சென்ற ஆண்டு அமெரிக்காவில் என் தமக்கையின் இல்லத்தில் தங்கியபோது அந்த நகைப்பு அடங்கியது.

நோயால் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்த அத்தானுக்கு அரைவேக்காட்டு முட்டை ஆகாது என்றனர் மருத்துவர். கெட்டியாக வேகவைத்தாலோ அவருக்குத் தொண்டையில் இறங்காது. மருத்துவர் இசைவுடன் அக்கா வாங்கியதே அட்டைப் பெட்டித் திரவ முட்டை. மூன்று மேசைக்கரண்டி ஊற்றினால் ஒரு முட்டைக்கு ஈடு. சால்மொனெல்லா கிருமி மடிய, உறையாத அளவில் சூடேற்றியே விற்க வேண்டும் என்பது அந்நாட்டின் 1970ஆம் ஆண்டுச் சட்டம். திறந்த பெட்டியை, குளிர்பெட்டியில் வைத்தாலும், 3 நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

சுவை சற்றுக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆயினும் அந்த மிருதுவான ஆம்லெட்டை அத்தான் அச்சமின்றி உண்டார். "சோம்பேறிச் சமையல்" என ஏளனம் செய்யும் நண்பர்களே, நோயாளி உள்ள வீட்டின் அடுக்களையை ஒருகணம் எண்ணிப் பாருங்கள்!