கால் தளர்ந்தால் முதலில் டாக்டர்



முதுகுவலி நம் பிழைப்போடு ஒட்டிக்கொண்டது. செம்பனைக் குலை தூக்குகிறவரையும், குனிந்து உதிரிப்பழம் பொறுக்குகிறவரையும் அது விடாது. எண்ணெய் போட்டு நீவிவிட்டால் பெரும்பாலும் சில நாளில் தணியும். அதில் தவறில்லை. ஆனால் வலி வேறு, கால் தளர்ச்சி வேறு. நம்மவர் பலர் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

மூளையின் கட்டளையைக் காலுக்குக் கொண்டுபோகும் தண்டுவடம் முதுகெலும்புக்குள் ஓடுகிறது. விலகிய வட்டோ, கட்டியோ, காசநோய்ச் சீழோ அதை நெரித்தால் கால் தளரும். செருப்பு கழன்றதே தெரியாது. படியேறக் கால் எழும்பாது. சிறுநீர் அடைத்துக்கொள்ளும், அல்லது தானே போய்விடும். நெரிபட்ட தண்டுவடம் அதிக நாள் பொறுக்காது.

"சின்சேகிட்ட ஊசி குத்தினா சரியாயிடும்" என்பார்கள். அந்த வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. பினாங்கு லாம் வா ஈ மருத்துவமனையே 1883-ல் ஏழைகளுக்கு இலவசச் சீன வைத்தியம் பார்க்கத் தொடங்கியதுதான். கொரியாவிலும் தளர்ந்த காலுக்கு ஊசியும் மூலிகையும் கொடுக்கிறார்கள். நம் அரசாங்கமும் 2007-ல் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில் குத்தூசியையும் மலாய் உருட்டையும் சேர்த்தது. ஆனால் அங்கே முறை என்ன? முதலில் டாக்டர் பார்ப்பார். அவர் அனுப்பினால்தான் ஊசி, உருட் எல்லாம். அந்த வரிசையை நாமும் பிடிக்க வேண்டும்.

ஏனென்றால் ஊசி காசநோய்க் கிருமியைக் கொல்லாது. கஷாயம் கட்டியைக் கரைக்காது. சீழ் அரித்த முதுகெலும்பை அழுத்தி நெட்டி முறித்தால், நடந்து போனவர் படுத்த படுக்கையாகலாம். அதே காசநோயை நேரத்தோடு கண்டுபிடித்து, மாத்திரையைப் பல மாதம் விடாமல் சாப்பிட்டவர்களில் பலர் மறுபடி எழுந்து நடக்கிறார்கள். முதலில் படம் எடுத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கட்டும். பிறகு, டாக்டர் சரியென்றால், வலிக்கும் பயிற்சிக்கும் துணையாக ஊசி இருக்கட்டும்.

"ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்று வேலை முடிந்து சாயங்காலம் உருட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதற்குப் பதிவு பெற்ற டாக்டரின் சான்று வேண்டும்.

நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்வேன்: கால் தளர்ந்தவருக்கு அன்றைக்கே வண்டி கொடுங்கள். மண்டோர் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றால், தோழர்களே, உடனே தொழிற்சங்கக் கமிட்டியிடம் சொல்லுங்கள். கால் போன பிறகு கேட்கும் நஷ்டஈடு காலைத் திருப்பித் தராது.