தண்டவாளமே அளவுகோல்



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் கார்கள் வாலாஜாபாத் ஸ்டேஷனில் ரயிலேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஏறும் பெட்டிகளில் பல, ஒரு காலத்தில் பயணிகளைச் சுமந்த ஐ.சி.எஃப். (இன்டக்ரல் கோச் ஃபேக்டரி) பெட்டிகள். ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, கார் ஓடி ஏற வசதியாக முனையில் கதவு வைத்திருக்கிறார்கள். இன்றைய வாலாஜாபாத்தை மாதிரி ரயிலாகச் செய்பவர் நேரில் போய்ப் பார்த்துவிடலாம். செங்கல்பட்டு - அரக்கோணம் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தைச் செய்ய நினைப்பவருக்குப் பழைய போட்டோக்கள்தான் கதி.

அந்தப் போட்டோக்களுக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. மீட்டர் கேஜில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மி.மீ. இடைவெளி. படத்தில் அந்த இடைவெளி 2 செ.மீ., பக்கத்து விளக்குக் கம்பம் 8 செ.மீ. என்றால், கம்பத்தின் உயரம் 4 மீட்டர். 1:87 அளவில் செய்தால் சுமார் 46 மி.மீ. தண்டவாள இடைவெளியைக் கம்பத்தின் அடிக்கு நேராக அளக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கணக்கு பொய்த்துவிடும்.

தேதி இல்லாத படமா? ஒய்.பி. ரக நீராவி இன்ஜின் தெரிந்தால் அது 1949-க்கு முந்தியதல்ல. தெற்கு ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரல் 14-ல். பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் படம் அதற்குப் பிந்தியது. பழைய எஸ்.ஐ.ஆர். (தென்னிந்திய ரயில்வே) எழுத்தை மட்டும் நம்பி, படம் அதற்கு முந்தியது என்று முடிவுகட்டாதீர்கள். பெயர் மாறிய அன்றே எல்லாப் பெட்டிக்கும் பெயிண்ட் அடித்துவிட முடியாதே! நிறத்திலும் கவனம் தேவை: ஆரம்ப காலக் கண்ணாடித் தட்டுகளில் சிவப்பு கருப்பாகத்தான் விழும்.

ஆவணக் காப்பகங்களில் இன்ஜினும் பாலமும் திறப்பு விழாவும் நிறையவே கிடைக்கும். மாதிரி ரயில் லேஅவுட்டுக்கு உயிர் கொடுப்பவை வேறு: பிளாட்பாரத்து வேலி, தண்ணீர்ப் பானை, கைகாட்டி மரம், வெளியே நிற்கும் மாட்டுவண்டி. இவற்றை யாரும் படமெடுக்கப் போனதில்லை. கல்யாணக் கோஷ்டியை வழியனுப்பியபோது, மாற்றலாகிப் போன ஸ்டேஷன் மாஸ்டருக்கு மாலை போட்டபோது, பின்னால் தற்செயலாக விழுந்தவை அவை. அந்தப் படங்கள் உங்கள் வீட்டு ஆல்பத்தில்தான் இருக்கின்றன.

பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத், காஞ்சிபுரம் ஸ்டேஷன்கள் தெரியும் படம் இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள்; ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஓரம் முழுதும் விழும்படி செல்போனில் எடுத்தால் போதும். அழகுக்காக ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். எங்களுக்கு வேண்டிய வேலி அங்கேதான் இருக்கும். படத்தில் இருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்