காவலனின் முதுமை

நுழையும்முன்

வீட்டில் வளரும் விலங்கின் இளமையைக் கொண்டாடும் நாம், அதன் முதுமையைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நடை தளர்ந்த நாயின் வலியை அறிவதும் தணிப்பதும் இரக்கச் செயல்கள் மட்டும் அல்ல. அவை நம் கடமையும் ஆகும் என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

சங்கொலியும் மணியும்

பொன்மலையில் வாழ்வோருக்குப் பொழுது சங்கொலியில் தொடங்குகிறது. 1928ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த தொடர்வண்டிப் பணிமனையின் சங்கு அது. ஊரில் பலருக்கு அது பணிக்கு வருமாறு விடுக்கும் அழைப்பு. எங்கள் வீட்டு நாய் மணிக்கோ அது வாயிற்கதவை நோக்கி ஓடுவதற்கான அழைப்பு. சந்தைக்கு அருகே மழையில் நனைந்து கிடந்த குட்டியாக எங்களிடம் வந்தவன் அவன். பதினோர் ஆண்டுகள், சங்கு ஒலித்ததும் வாயிலுக்கு ஓடித் தெருவில் செல்வோரை எல்லாம் பார்த்துக் குரைத்துவிட்டுத் திரும்புவான். பன்னிரண்டாம் ஆண்டில் ஒருநாள் சங்கு ஒலித்தது, மணி எழவில்லை. தலையை மட்டும் உயர்த்தி, வாலால் தரையை இருமுறை தட்டினான்.

“வயதாகிவிட்டது” என்றேன் நான். மாடிப்படி ஏறுவதை அவன் நிறுத்தியபோதும் அதையே சொன்னேன். முன்னங்காலின் மூட்டை ஓயாமல் நக்கியபோதும், தொடைச்சதை வற்றியபோதும் அதையே சொன்னேன். மூட்டுவலியால் சுவரைப் பிடித்து நடக்கும் என் தாயார்தாம் ஒருநாள், “எனக்கும் காலையில் இப்படித்தானடா. நாலடி நடந்த பிறகுதான் கால் நம் பேச்சைக் கேட்கும். அவனுக்கும் வலிக்கிறது, பார்” என்றார். அதன் பிறகே கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் மூட்டுகளை மெல்ல மடக்கியும் நீட்டியும் பார்த்துவிட்டு, “வயது ஒரு நோய் அன்று, ஐயா. இவனுக்கு இருப்பது மூட்டழற்சி. பல மாதங்களாக வலியைத் தாங்கிக்கொண்டிருக்கிறான்” என்றார். அந்த மாதங்களை நான் அவனுக்குத் திருப்பித் தர இயலாது. அந்த உணர்வே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வலியின் மொழி

எலும்புகள் கூடும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு உறைபோல் அமைந்து உராய்வைத் தடுக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேய்கிறது, மூட்டு வீங்குகிறது, அசைவு வலியாகிறது. மனிதருக்கு வருவது போன்றே நாய்க்கும் இது வருகிறது. ஆனால், நாய் தன் வலியைச் சொல்வதில்லை. நாள்பட்ட வலிக்கு அது பெரும்பாலும் அலறுவதும் இல்லை. எழுவதற்குத் தயங்குதல், ஓய்வுக்குப்பின் விறைத்து நடத்தல், ஏறவும் தாவவும் மறுத்தல், தொட்டால் சினத்தல், நெடுநேரம் உறங்குதல் ஆகியவையே அதன் மொழி. இம்மொழியைச் சோம்பல் என்றும் முதுமை என்றும் நாம் தவறாகப் பெயர்த்துக்கொள்கிறோம்.

எங்கள் ஊர்ப் பணிமனை நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. நீலகிரி மலைப்பாதையில் ஓடும் நீராவி எஞ்சின்கள் பராமரிப்புக்காகப் பொன்மலைக்குத்தான் வருகின்றன. திணறிவரும் எஞ்சினைக் கண்டு, “பழையதாகிவிட்டது, விட்டுவிடுங்கள்” என்று இங்குள்ள தொழிலாளர் சொல்வதில்லை. எந்தப் பகுதி தேய்ந்தது, எங்கே உராய்கிறது என்று தேடுகிறார்கள். தேய்ந்த பாகத்தை மாற்றுவதுபோல் மணியின் குருத்தெலும்பை மாற்ற இயலாது. எனினும், மூட்டின்மேல் விழும் சுமையைக் குறைக்கலாம்; நடக்கும் தரையைச் சீராக்கலாம்; வலியைத் தணிக்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலில் சுமை. முதிய நாய் குறைவாக நடக்கிறது. நாமோ அன்பின் மிகுதியால் பழைய அளவிலேயே சோறிடுகிறோம். கூடும் ஒவ்வொரு கிலோவும் நோயுற்ற மூட்டின்மேல் ஏறுகிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கண்காணித்த ஆய்வின் முடிவுகள் 2002ஆம் ஆண்டில் வெளியாயின. கால்பங்கு குறைவாக உணவு பெற்ற நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன; மூட்டு நோய்க்குச் சிகிச்சை தேவைப்படும் காலமும் அவற்றுக்குத் தள்ளிப்போனது. எனவே, அளவறிந்து இடுவதே அன்பு. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படும் அளவில் உடல் இருப்பது நலம்.

அடுத்தது தரை. பளபளக்கும் தரைக்கற்கள் நமக்கு அழகு. மூட்டு நொந்த நாய்க்கு அவை வழுக்கும் பாறை. அது நடமாடும் வழியில் பழைய பாயையோ சாக்கையோ நகராதவாறு விரித்தால் போதும். வெறுஞ்சிமெண்டுத் தரையில் படுக்கவிடாமல், கோணிப்பைகளை மடித்து மேலே பருத்தித் துணியிட்டுப் படுக்கை அமைக்கலாம். மார்கழிக் குளிரில் அப்படுக்கை வீட்டுக்குள் இருக்கவேண்டும். திருச்சிராப்பள்ளியை அடுத்த எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறையின் யானைகள் மறுவாழ்வு மையம் உள்ளது. கடினத் தரையில் நெடுங்காலம் நின்ற யானைகளுக்கு மண்தரையும் நடையும் நலம் தருகின்றன. யானைக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாய்க்கும் பொருந்தும்.

மூன்றாவது நடை. வலிக்கிறது என்று முற்றிலும் படுக்கவைத்தால் தசை வற்றும். மூட்டு மேலும் விறைக்கும். நெடுந்தொலைவு நடத்துவதைவிட, சிறிது சிறிதாகப் பலமுறை நடத்துவது நல்லது. திருச்சியின் வெயிலில் தார்ச்சாலை உள்ளங்காலைச் சுடும். ஆதலால் விடியலும் அந்தியுமே ஏற்ற பொழுதுகள். நகங்கள் வளர்ந்திருந்தால் வெட்டுவதும், வாயிற்படியில் சாய்வாகப் பலகை வைப்பதும், உணவுக் கிண்ணத்தைச் சற்று உயரத்தில் வைப்பதும் சிறிய செயல்கள். அவை தரும் ஆறுதலோ பெரிது.

மருந்தில் எச்சரிக்கை

வலியைத் தணிக்கும் மருந்துகள் கால்நடை மருத்துவத்தில் உள்ளன. நாயின் எடை, அதன் கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலை அறிந்து மருத்துவரே அவற்றை வழங்கவேண்டும். நமக்காக வாங்கிவைத்த பாராசிட்டமால், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது பெருந்தவறு. அவை நாயின் உயிருக்கே கேடாகலாம். மருந்தும் பயன்தராத நிலை ஒருநாள் வரக்கூடும். அப்போது துன்பமின்றி விடைகொடுப்பது குறித்து மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுவதும் அன்பின் பகுதியே ஆகும்.

நாய்க்கு இவ்வளவு வேண்டுமா?

“முதிய பெற்றோரையே கவனிக்காத காலத்தில் நாய்க்கு மருத்துவமா?” என்று சிலர் வினவுவர். இவ்வினாவில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால், பரிவு என்பது ஒருவருக்கு ஊற்றினால் மற்றவருக்குக் குறைந்துபோகும் குடத்து நீர் அன்று. மணிக்காக நாங்கள் விரித்த பாய்களின்மேல்தான் என் தாயாரும் வழுக்கும் அச்சமின்றி நடந்தார். நாயின் தளர்நடையைக் காணப் பழகிய கண், சுவரைப் பற்றும் முதியோர் கையையும் காணும். ஒன்றைக் காணாத கண் மற்றொன்றையும் காண்பதில்லை என்பதை என் வீட்டிலேயே நான் அறிந்தேன்.

செலவைக் காரணம் காட்டுவோரும் உண்டு. மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவை பழைய பாயாலும் கோணிப்பையாலும் ஆனவை. மருத்துவத்திற்கு அரசுக் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. நமக்குக் குறைவாக இருப்பது பணத்தைவிடக் கவனமே.

உதவாத நாய் என்று வண்டியில் ஏற்றித் தொலைவில் இறக்கிவிட்டு வருவோரும் நம்மிடையே உள்ளனர். வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடுமாறு கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். உயிர்களிடத்து இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் அரசமைப்பில் சேர்த்தது. சட்டம் வகுப்பதற்கு முன்பே நம் மரபு அதனை அறிந்திருந்தது.

கல்லும் கடமையும்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுப்பப்பட்டது அது. வீழ்ந்த வீரனின் உருவத்தோடு அவனது நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல்நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு கூறுகிறது. ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்து வைத்த சமூகம் நம்முடையது.

கள்வரை எதிர்த்துக் காவல்நின்ற நாயின் பெயரைக் கல்லில் பொறித்தோம். போர் ஏதும் காணாமல், பன்னிரண்டு ஆண்டுகள் வாயிலில் படுத்து, நம் உறக்கத்தைக் காத்து முதுமையடைந்த நாய்க்கு என்ன செய்யப்போகிறோம்? அது கல் கேட்கவில்லை. வழுக்காத தரையும், மடித்த கோணிப்பையும், தன் வலியை அறியும் ஒருவரும் இருந்தால் அதற்குப் போதும். மாணவர்களே, இன்று மாலை வீடு திரும்பும்போது உங்களை எதிர்கொள்ள எழும் நாயை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அது எவ்வாறு எழுகிறது என்று பாருங்கள். கடமை அங்கிருந்தே தொடங்குகிறது.