பாடத்திட்டத்தில் இடம் தேடும் உயிர்காக்கும் முதலுதவி

ஹைதராபாத்: இந்நகரின் ஆராம்கர் சந்திப்பில் 2023 பிப்ரவரியில் மயங்கி விழுந்த ஒருவரின் மார்பைத் தொடர்ந்து அழுத்தி உயிர் பிழைக்கச் செய்தார் ஒரு போக்குவரத்துக் காவலர். அந்தக் காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்த மாதமே, "சிபிஆர்' எனப்படும் இதய இயக்க மீட்பு முதலுதவியை அரசின் களப் பணியாளர்களுக்குக் கற்பிக்கும் திட்டத்தை தெலங்கானாவின் அன்றைய அமைச்சர்கள் ஹரீஷ் ராவும் கே.டி. ராமா ராவும் தொடங்கி வைத்தனர்.

அந்தக் காவலர் அங்கு இருந்தது தற்செயல். வீட்டுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் அருகில் இருப்பது மனைவியோ, பேரக் குழந்தையோதான். அவர்கள் அனைவரையும் சென்றடையக் கூடிய ஒரே இடம் பள்ளிக்கூடம்.

நான்கு நிமிஷங்கள்: இதயத் துடிப்பு நின்றால் நான்கு முதல் ஆறு நிமிஷங்களில் மூளைச் செல்கள் பாதிக்கப்படத் தொடங்கும். அவசர உதவிக்கான "108' ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15-இல் ஹைதராபாதில்தான் தொடங்கப்பட்டது, 2008-இல் தமிழகத்துக்கும் வந்தது. எனினும், எவ்வளவு விரைந்து வந்தாலும் நெரிசலைக் கடந்து நான்கு நிமிஷங்களுக்குள் ஆம்புலன்ஸ் வந்து சேரும் என எதிர்பார்க்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் உடனிருப்பவர்களே.

மார்பின் நடுவே நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துவதே இம்முறையின் அடிப்படை. 12 வயதிலிருந்து ஆண்டுக்கு 2 மணி நேரம் பயிற்சி அளித்தால் போதும் என்ற நிபுணர்களின் பரிந்துரையை 2015-இல் உலக சுகாதார நிறுவனம் ஆதரித்தது. நார்வே 1961-லும், டென்மார்க் 2005-லும் இதைப் பள்ளிகளில் கட்டாயமாக்கின. இங்கிலாந்தில் 2020 முதல் முதலுதவி கட்டாயப் பாடம். அழுத்தும் வலு இல்லாத சிறுவர்களுக்கும் 108-ஐ அழைக்கவும், இருக்குமிடத்தைத் தெளிவாகச் சொல்லவும், ரத்தம் கசியும் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்கவும் கற்றுத் தர முடியும்.

ஏட்டில் உள்ள கொள்கை: தேசியக் கல்விக் கொள்கை 2020, பேரிடர் கால நடவடிக்கைகளுடன் முதலுதவியும் பாடத்திட்டத்தில் சேர்க்கப்படும் என்கிறது. ஆனால், எந்த வகுப்பில், எத்தனை மணி நேரம், யார் கற்பிப்பது என்பதை அது வரையறுக்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி பொதுப் பட்டியலுக்கு மாறியது. எனவே, மத்திய அரசு மாநிலங்களையும், மாநிலங்கள் மத்திய அரசையும் கைகாட்டுவது எளிது. தேசியக் கொள்கையை ஏற்காத தமிழக அரசு 2025-இல் தனியாக மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. மொழிப் பிரச்னையில் மோதும் இரு தரப்பும் முதலுதவி விஷயத்தில் முரண்பட எந்தக் காரணமும் இல்லை.

இதற்கெனப் புதிய அமைப்பும் தேவையில்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் 2020-இல் தொடங்கப்பட்ட பள்ளி சுகாதாரத் திட்டம், பள்ளிக்கு இரு ஆசிரியர்களை நல்வாழ்வுத் தூதர்களாகப் பயிற்றுவிக்க வகை செய்கிறது. அதிலுள்ள 11 தலைப்புகளில் முதலுதவி தனித் தலைப்பாக இல்லை. அதைச் சேர்ப்பது நிர்வாக முடிவு மட்டுமே.

சட்டத்தின் பாதுகாப்பு: உதவினால் வழக்கில் சிக்க நேரிடும் என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. இதையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

அதே சமயம், பாடநூலில் ஒரு பக்கத்தைச் சேர்த்துவிட்டு, தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாகக் கேட்பதால் யாரும் பிழைக்கப் போவதில்லை. பொம்மையின் மீது மாணவர் தம் கைகளால் அழுத்திப் பழக வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் பொம்மை வாங்க இயலாவிட்டால், அருகிலுள்ள பள்ளிகள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆண்டுக்கு 2 மணி நேரத்தைக் கால அட்டவணையில் எழுதப்போகும் முதல் அரசு எது என்பதே இனி கேள்வி.