நகை வரையும் இயந்திரமும் பத்தர் கூலியும்

நகைத் தொழிலுக்கு இப்போது ஒரு புதிய கூட்டாளி வந்திருக்கின்றது. இயந்திரக் கற்றல் என்று அதற்குப் பெயர். கோடிக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கப்பட்ட அந்த இயந்திரத்தினிடம், மாங்காய் வைத்த அட்டிகை, சிவப்புக்கல் பதக்கம் என்று எழுதிக் கேட்டால், ஒரு நிமிஷத்திற்குள் நாலு மாதிரி வரைந்து முன்னால் போடுகின்றது. 2022 முதல் இது சாதாரண ஜனங்கள் கைக்கும் எட்டிவிட்டது. வடலூரில் இருக்கும் ஒரு பெண் கைப்பேசியிலேயே செய்து பார்க்கலாம்.

"நகையே வேண்டாம் என்கின்ற நமக்கு இதில் என்ன வேலை?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். பெண்களை நகை மாட்டும் முளையாக ஆக்கிவைத்திருப்பதைப் பற்றிய நமது அபிப்பிராயத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இதே வடலூரில் 1867-ல் சத்திய தருமச்சாலை கண்ட வள்ளலாரே காது மூக்குக் குத்துவதைக் கண்டித்தவர்தான். தைப்பூசத்திற்கு வந்து குவிகின்றவர்களில் எத்தனை பேர் காதில் அது ஏறிற்று என்பது வேறு விஷயம். ஆனால் இங்கு நாம் பேசுவது நகை போடுகின்றவர்களைப் பற்றியல்ல, செய்கின்றவர்களைப் பற்றியேயாகும்.

இயந்திரத்திற்குப் படம் தெரியும், பொன் தெரியாது. ஜிமிக்கியை ஜோராக வரைந்துவிடும். திருகாணி எங்கே நுழையும் என்று பார்த்தால் அதற்கு வழியே இருக்காது. கல்லைப் பிடிப்பில்லாமல் அந்தரத்தில் நிறுத்தும். சங்கிலியில் ஒரு வளையம் அடுத்த வளையத்தைத் தொடாமலே ஓடும். எத்தனை கிராம் ஆனால் காது அறுந்துபோகும் என்பதும், பற்றவைக்கும்போது எந்த இடம் இளகும் என்பதும் பட்டறையில் உட்கார்ந்து விரல் சுட்டுக்கொண்டவனுக்குத்தான் தெரியும். ஆகவே அந்தப் படத்தை ஒருவர் கம்ப்யூட்டரில் அளவோடு திரும்ப வரைந்து, மெழுகு மாதிரி எடுத்து, அதைச் சுற்றிச் சாந்து ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் பொன்னை வார்த்து, பிறகு ராவிக் கல் பதித்து மெருகு கொடுக்க மறுபடியும் மனிதன் கைக்கே வரவேண்டியிருக்கின்றது.

இயந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. இன்ன ஜாதியில் ஆணாய்ப் பிறந்தவனுக்குத்தான் இந்த வித்தை என்று பட்டறைக்குள் பூட்டிவைத்திருந்ததை இது கொஞ்சமாவது திறந்துவிடுமானால், யாருடைய மகளும் நகைக்கு மாதிரி வரையலாம் என்றாகுமானால், அது நமக்கு மிகவும் சந்தோஷமே.

ஆனால் இந்த இயந்திரம் யாரிடம் படித்தது? கடைகள் விளம்பரத்திற்குப் படம் பிடித்துப் போட்ட நகைகளைப் பார்த்துத்தானே படித்தது! அவற்றைச் செய்தது பேர் தெரியாத பத்தர்கள். அவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றபோது, பட்டினி கிடந்ததும், தற்கொலை செய்துகொண்டதும் இந்தக் கூட்டமே. பெரிய சேட்டுகளின் பெட்டிக்கு ஒன்றும் வந்துவிடவில்லை. அந்தச் சட்டம் 1990-ல் ஒழிந்தது. இப்போது சட்டமில்லாமலே அதே கைகள் வேலை இழக்கலாம்.

"இயந்திரமே வரைந்தது, ஆகவே கூலி குறைவு" என்று பத்தரிடம் சொல்லுகின்ற முதலாளி, வாங்க வருகின்றவரிடம் செய்கூலியைக் குறைப்பாரா? மனிதன் கை சேராமல் இயந்திரம் தானே செய்ததற்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2025 மார்ச்சில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொல்லிவிட்டது. உரிமை வேண்டும்போது மனிதன் கை, கூலி கொடுக்கும்போது இயந்திரமா என்று கேட்கின்றோம்.

2023 ஏப்ரல் முதல், ஹால்மார்க் கட்டாயமான நகைகளில் ஆறு எழுத்து அடையாளம் பொறித்தே விற்கவேண்டும். அதைக் கொண்டு தங்கத்தின் தரமும், கடையின் பேரும் தெரிந்துகொள்ளலாம். செய்தவர் பேர் மாத்திரம் அதில் இல்லை. அந்தப் பேரையும், அவருக்குக் கொடுத்த கூலியையும் பில்லில் எழுதித் தரும்படி சிதம்பரத்திலும் கடலூரிலும் நகை வாங்கப் போகின்றவர்கள் கேட்கவேண்டும். சேதாரத்திற்குக் கணக்குப் போடுகின்ற காகிதத்தில் அதற்கும் இடமிருக்கின்றது.