வா.செ.கு. என்ற வெளிப்படையான பேராசிரியர்



காட்டாங்குளத்தூர், பொத்தேரி பக்கம் கல்லூரிகளில் பாடம் நடத்தும் என் பழைய மாணவர்கள் சிலர் கேட்பதுண்டு: "சார், பாடத்தைத் தவிர வேறு எதுவும் பேசாமல் இருப்பதுதானே பாதுகாப்பு?" பாதுகாப்புதான். ஆனால் அவ்வளவுதானா ஆசிரியர் வேலை? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வா.செ.குழந்தைசாமி நினைவுக்கு வருவார்.

அவர் நீரியல் அறிஞர். பெய்யும் மழையில் மண்ணில் ஊறியது போக எவ்வளவு, எப்போது வழிந்தோடும் என்பதை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 2015 டிசம்பரில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் பார்த்த நமக்கு அந்தக் கணக்கின் அருமை தெரியும். அண்ணா பல்கலைக்கழகம் உட்பட மூன்று பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தராக இருந்தவர்.

அதே மனிதர் 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிதை எழுதினார். 'வாழும் வள்ளுவம்' என்ற நூலுக்கு 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தமிழ் எழுத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று சொந்தப் பெயரிலேயே வாதாடினார். கு, சு, து, பு என்று உகரம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. உகர, ஊகார வரிசைகளில் மட்டும் குழந்தை 36 வடிவங்கள் பழக வேண்டும். பொதுவாக ஒரு தனிக்குறி வைத்தால் சுமை குறையும் என்பது அவர் கட்சி. தமிழறிஞர்கள் பலர் எதிர்த்தார்கள்; அது நடைமுறைக்கு வரவில்லை. அதற்காக அவர் தம் கருத்தைக் கைவிடவும் இல்லை.

எனக்கும் அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. வடிவத்தை மாற்றினால் நாளைய பேரப்பிள்ளைகளுக்கு இன்றைய புத்தகம் அந்நியமாகிவிடும். ஆனாலும் அவரை மதிக்கிறேன். மழைநீர்க் கணக்கை அளந்து சரிபார்க்கலாம். எழுத்துச் சீர்திருத்தத்தை வாதாடித்தான் தீர்க்க வேண்டும். வாதாட வேண்டியதை அவர் ஊரறிய வாதத்துக்கே வைத்தார். அதனால்தான் நம்மால் மறுக்கவும் முடிகிறது. மறைத்து வைத்த கருத்தை யாரால் மறுக்க முடியும்? அது ஜாடையாகவும் மதிப்பெண்ணிலும் கசியும்போது பிள்ளைகள்தான் குழம்புவார்கள்.

ஆகவே, ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, பாடத்தைப் பாடமாக நடத்துங்கள். உங்கள் கொள்கையை "இது என் கருத்து" என்று சொல்லிவிட்டே பேசுங்கள். எதிர்த்துப் பேசும் மாணவனுக்கு ஒரு மதிப்பெண்ணும் குறையக் கூடாது. பேசும் உரிமை உங்களுக்கு அப்போதுதான் பொருந்தும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். கோபிக்க மாட்டேன், பதில் சொல்வேன்.